காவிரி நாட்டிற்கோர் மருத்துவப் பல்கலைக் கழகம்

காவிரியும் வெண்ணாறும் கிளைத்துப் பாயும் நம் நாட்டிற்கெனத் தனியே ஒரு மருத்துவப் பல்கலைக் கழகம் அமைதல் வேண்டும் என்பது எமது துணிபு. ‘தொல்காப்பியம் படிக்கும் பிள்ளைகட்கு மருத்துவத்தில் என்ன வேலை?’ என வினவுவார் நம் கல்லூரியிலேயே உளர்; விலங்கியல் பயிலும் நண்பர் சிலர் வினவியும் விட்டனர். அவர்கட்கு யாம் கூறும் விடை இது: நோய் உடம்பைப் பற்றியதாயினும், நோயாளி அதனை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பது சொல்லால். அச்சொல் தமிழ்ச்சொல். ஆதலின் எமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு யாது என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

முதற்கண், இருப்பது யாது என நோக்குவோம். தஞ்சை நகரின் நடுவே இராசா மிராசுதார் மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நின்று வருகின்றது. மிராசுதார்களின் பொருளுதவியால் எழுந்தமையின் அப்பெயர் பெற்றது. 1950-களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், தஞ்சை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து 2010-இல் திருவாரூருக்கும், 2022 ஜனவரியில் நாகப்பட்டினத்திற்கும் அரசினர் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. இம்மூன்றும் சென்னைக் கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக் கழகத்தோடு இணைந்தவை. 1987-இல் சட்டமாகி 1988-இல் பணி தொடங்கிய அப்பல்கலைக் கழகம், மாநிலம் முழுவதும் பரவிய நூற்றுக்கணக்கான கல்லூரிகட்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கி வருகின்றது. அதன் பணியைக் குறைத்துக் கூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும் தேர்வு நடத்துதல் வேறு. நோயாளியின் அருகிருந்து கற்பித்தல் வேறு. முன்னதனை 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் செய்யலாம். பின்னதனைச் செய்தல் இயலாது.

பல்கலைக் கழகம் என்ற மாத்திரத்தில் நம்மவர் கண்முன் தோன்றுவன நுழைவாயில், மணிக்கூண்டு, பட்டமளிப்பு மண்டபம், துணைவேந்தர் மாளிகை ஆகியவையே. திட்டம் வகுப்போரும் ஏக்கர்க் கணக்கிலிருந்தே தொடங்குவர். மருத்துவத்திற்கு இம்முறை தலைகீழானது. அக்கல்வி செழித்த இடங்களில் நோயாளியின் படுக்கையே முதலில் இடப்பட்டது; வகுப்பறை பின்னர் வந்தது.

வேலூரை நோக்குக. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் அங்குத் தொடங்கியது ஒரே படுக்கையுடைய சிறு மருந்தகம். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. மகளிர்க்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் திறக்கப்பட்டது. பட்ட வகுப்பு 1942-இல் வந்தது. ஆடவர் சேர்ந்தது 1947-இல். முதற்படுக்கைக்கும் முதற்பட்ட வகுப்பிற்கும் இடையே 42 ஆண்டுகள்! செவிலியர் பயிற்சி மருத்துவர் பயிற்சிக்கு ஒன்பதாண்டு முந்தியது என்பதையும் கருதுக. இன்று திட்டம் தீட்டுவோர் செவிலியர் கல்லூரியைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்ப்பர். கடல் கடந்தும் இவ்வொழுங்கே காண்கின்றோம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவப் பள்ளி 1893-இல் தொடங்கிற்று. வில்லியம் ஆஸ்லர் என்னும் பேராசிரியர் அங்கே மாணாக்கரைப் படுக்கையருகே நிறுத்திக் கற்பித்த முறை, பின்னர் உலகெங்கும் பரவிற்று.

அங்ஙனமாயின் நாமும் 42 ஆண்டு காத்திருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. படுக்கைகள் முன்னரே இடப்பட்டுள்ளன. மூன்று கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை முதலிய ஊர்களில் அரசினர் மருத்துவமனைகள் உள்ளன. சிற்றூர்தோறும் சுற்றினால் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. இவை யாவும் ஒரே பல்கலைக் கழகத்தின் உறுப்புகளாகப் பிணைக்கப்படுதல் வேண்டும். யாம் கேட்பது புதுமாளிகையன்று, ஒரு பிணைப்பு.

பிணைப்பால் விளைவது யாது? பாம்புக்கடி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். களையெடுக்கவும் அறுக்கவும் வயலில் இறங்குவோர்க்குக் கண்ணாடி விரியன் பகை. இரவில் தரையிற் படுப்போர்க்குக் கட்டுவிரியன் பகை. கட்டுவிரியன் கடி பலவேளைகளில் வலியும் வீக்கமும் இன்றி இருக்கும். வயிறு வலிக்கிறது, கண்ணிமை தூக்க முடியவில்லை என்று விடியற்காலையில் ஒருவர் வந்தால், பாம்பை நினைப்பவரே அவர் உயிரைக் காப்பர். கண்ணாடி விரியனின் நஞ்சோ குருதியை உறையவிடாது. இதனை அறிய விலையுயர்ந்த பொறி வேண்டுவதில்லை. தூயதும் உலர்ந்ததுமான ஒரு கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் குருதியை எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து, பின் ஒருமுறை சாய்த்துப் பார்த்தல் வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு உடம்பில் ஏறியுள்ளது; நஞ்சுமுறி மருந்து உடனே தேவை. குழாய் சோப்பிட்டுக் கழுவப்பட்டிருந்தாலும், கண்ணாடிக்கு மாறாகப் பிளாஸ்டிக்கால் ஆனதாயிருந்தாலும் சோதனை பொய்க்கும். இதனைப் புத்தகத்திற் படித்தல் ஐந்து நிமிட வேலை. நள்ளிரவில் உறவினர் சூழ்ந்து நின்று கதற, அந்த 20 நிமிடமும் குழாயைத் தொடாது நோயாளியின் மூச்சையும் இமையையும் நோக்கியிருத்தல் வேறொரு கல்வி. செய்முறைப் பயிற்சி என்று யாம் கூறுவது அதனையே. அது வயல்சூழ்ந்த ஊரின் சிறு மருத்துவமனையிற் கிடைக்கும்.

எலிக்காய்ச்சலும் இத்தகையதே. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், காலிலுள்ள கீறல் வழியே நோயை உட்செலுத்துகின்றது. தொடக்கத்தில் எல்லாக் காய்ச்சலையும் போலத் தோன்றி, சிலரிடத்து மஞ்சட் காமாலையும் சிறுநீரகக் கேடுமாக முற்றுகின்றது. கெண்டைக்காற் சதையில் கடும்வலி அதன் குறிகளுள் ஒன்று. நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டவர் கால்வலியையும் ஒரு நோயென எண்ணி மருத்துவரிடம் கூறுவாரோ? மருத்துவரே கேட்டல் வேண்டும். கேட்பதற்கு, இது நடவுக் காலம் என்பது அவர்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஆதலின் யாம் ஒன்று கூறத் துணிகின்றோம்; கேட்போர் நகைப்பினும் நகைக்க. இப்பல்கலைக் கழகத்தின் கால அட்டவணை ஆற்றைப் பின்பற்றி அமைக. மேட்டூரணை வழக்கமாகத் திறக்கப்படும் நாளாகிய ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவை தொடங்குகின்றது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சம்பாவும் தாளடியும் நிற்கின்றன. தை பிறந்தபின் அறுவடை. மாணாக்கர் சிற்றூர்களில் தங்கிப் பயிலும் மாதங்கள் இவற்றோடு ஒத்துவரல் வேண்டும். வயல் வெடித்துக் கிடக்கும் கோடையில் அவர்களை ஊர்ப்புறம் அனுப்பிவிட்டு, நோய் மிகும் மழைக்காலத்தில் நகரத்து மண்டபத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லுதலால் யார்க்கு என்ன பயன்?

கடற்கரையோரத்தின் தேவை வேறு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அதே ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். எம் வகுப்பினர் எவரும் அந்நாளிற் பிறந்திலர். ஆயினும் எம் வீடுகளில் அப்பேச்சு இன்றும் ஓய்ந்திலது. 2018 நவம்பரில் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயலை யாம் கண்டிருக்கின்றோம். மரங்கள் வீழ்ந்து சாலைகள் அடைபட்ட நாட்களில், தஞ்சைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் என்னும் கணக்கு வேதாரண்யத்தார்க்குப் பொருளற்றதாயிற்று. தீப்புண் மருத்துவமும் பேரிடர்ப் பயிற்சியும் பிற்காலத்தில் பொருள் கிடைத்தாற் சேர்க்கப்படுவனவாக இருத்தல் ஆகாது. இந்நாட்டுப் பல்கலைக் கழகத்திற்கு அவை முதலாண்டுப் பாடம்.

இனிக் கூறுவது சற்றே கசக்கும். செய்முறைப் பயிற்சி, செய்முறைப் பயிற்சி என்கின்றோமே, அஃது எவர் உடம்பின்மேல் நடைபெறுகின்றது? பொருளுடையார் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைக்குச் செல்வர். பழகாத கை அவர்கள்மேற் படுதல் அரிது. அரசினர் மருத்துவமனையில் வரிசையில் நிற்கும் ஏழை மக்களே பல தலைமுறை மருத்துவர்க்கு ஆசிரியராயிருந்தவர். நரம்பில் ஊசி ஏற்றப் பழகும் இளங்கை மூன்றுமுறை பிழைத்தால், மூன்று குத்தும் கூலிக்காரப் பெண் ஒருத்தியின் கையில்தான். தேர்வு நாளிலோ, ஈரல் வீங்கிய ஒரே முதியவரின் வயிற்றைப் பலர் ஒருவர்பின் ஒருவராக அழுத்திப் பார்ப்பர். அவர்க்கு அதனால் ஆவது என்ன?

இக்கடனை மனத்திற்கொண்டே பல்கலைக் கழகம் திட்டமிடப்படல் வேண்டும். ஊசியையும் தையலையும் முதலிற் பதுமைகளின்மேற் பழகலாம். அதற்கென்றே செய்யப்பட்ட பதுமைகள் இன்று உள்ளன. நோயாளியைத் தொடுமுன் அவர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்து இசைவு பெறலாம். இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. முதலாண்டு முதலே மாணாக்கர் ஒவ்வொருவரும் சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றை ஏற்று, ஆண்டுதோறும் அவர்களைக் கண்டு வருதல் வேண்டுமெனத் தேசிய மருத்துவ ஆணையம் விதித்துள்ளது. நல்ல விதியே. ஆயின் குடும்பம் ஓரிடத்தும், அக்குடும்பத்துப் பாட்டி நோயுற்றால் சேர்க்கப்படும் மருத்துவமனை வேறோரிடத்தும், மாணாக்கர் மூன்றாவதோர் இடத்தும் இருப்பின் அவ்விதி ஏட்டளவில் நின்றுவிடும். யாம் வேண்டும் பல்கலைக் கழகத்தில், அப்பாட்டி எங்கே சேர்க்கப்பட்டாலும் அவரை அறிந்த மாணாக்கர்க்கு அன்றே செய்தி போதல் வேண்டும். அவர் படுக்கையருகே அம்மாணாக்கர் நிற்றல் வேண்டும். வீடு திரும்பியபின் மாத்திரை உண்கின்றாரா, அன்றி விலைக்கு அஞ்சி நிறுத்திவிட்டாரா எனச் சென்று காணலும் வேண்டும். 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசினர் திட்டத்தின்படி இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மருந்தைச் சிலர் வீடு தேடிக் கொண்டுசேர்க்கின்றனர். அப்பெண்களோடு மாணாக்கர் ஒரு பருவம் நடந்தாற் கற்பது மிகுதி.

நோயாளியைத் தொடர்ந்து நோக்கி எழுதிவைத்தல் இந்நகரத்திற்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தைப் பேணினார். இந்நாட்டு வைத்தியமும் ஐரோப்பிய வைத்தியமும் அங்கே ஒருங்கு ஆராயப்பட்டன. கண்ணோயாளர் பலரைப் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களைத் தீட்டிய வண்ணச் சித்திரங்களும் சரசுவதி மகாலில் இன்றும் உள்ளன. இம்மன்னரின் இளமையில் அவர்க்கு வழிகாட்டிய ஸ்வார்ட்ஸ் ஐயர் 1798-இல் மறைந்தார். ஐயரின் மரணப் படுக்கையருகே சரபோசி நிற்கும் காட்சியை, பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பி 1807-இற் பளிங்கில் வடித்தார். சிவகங்கைக் குளத்தருகேயுள்ள ஸ்வார்ட்ஸ் ஆலயத்தில் அதனைக் காணலாம். எத்தனையோ அரசர்க்குச் சிலை உண்டு. நோயாளியின் கையைப் பற்றி நிற்கும் அரசர் சிலை அரிது.

நிற்க. எமது பங்கைக் கூறுவதாக முன்னர்ச் சொன்னோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்தது ஒன்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அமெரிக்க மிசன் மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் இலங்கை வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் மருத்துவம் செய்து, மாணாக்கர்க்கும் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசினர் உத்தியோகத்தை நாடிப் பிற இடங்கட்குச் சென்றனர். சிற்றூர்கள் பழையபடியே கிடந்தன. இதனைக் கண்ட அவர் 1864-இல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். நூல்கள் இல்லையே எனின், ஆக்கினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேற்று மருத்துவம், வேதியியல் முதலிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார்; மாணாக்கரான தமிழர் சிலர் அப்பணியில் உடனிருந்து உழைத்தனர். 1873-இல் அவர் தாய்நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளிப்போந்தனர். தமிழில் மருத்துவம் கூடுமோ என இன்று வழக்காடுவோர், அது கூடி ஒன்றரை நூற்றாண்டு கடந்தமையை அறியாரோ?

எனினும் பாடம் முழுவதையும் நாளையே தமிழாக்குக என்று யாம் கூறவில்லை. யாம் கேட்பது சிறிது: நோயாளியின் தமிழ், மருத்துவ மாணாக்கர்க்கு ஒரு பாடமாக வைக்கப்படல் வேண்டும். வலி என்னும் ஒரு சொல்லோடு நம் மக்கள் நிற்பதில்லை. குத்தல் வேறு, குடைச்சல் வேறு. கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. பிடிப்பு, இசிவு, காந்தல், திருகல், நமைச்சல், மதமதப்பு ஒவ்வொன்றும் வேறு. ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பவர்க்கும் ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பவர்க்கும் ஒரே மருந்து கொடுத்தனுப்பினால் இரண்டாமவர் வீடு போய்ச் சேராதிருக்கலாம். ‘மேலுக்கு முடியவில்லை’ என்று மட்டும் சொல்லி வாய்மூடும் கிழவியை மேலும் பேசவைப்பது ஒரு கலை. அரசினர் கல்லூரிகளில் நூற்றுக்கு 15 இடம் அனைத்திந்திய ஒதுக்கீட்டிற்குரியது. பிறமொழியாளர் பலர் அவ்வழியே வருகின்றனர். அவர்கள் மட்டுமல்லர், நகரத்தில் ஆங்கிலப் பள்ளியிற் படித்த நம் தமிழ்ப் பிள்ளைகளும் ‘உளைச்சல்’ என்ற சொல்லின்முன் திகைப்பர். தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழிக்கெனச் சில மணிநேரம் இன்று ஒதுக்கப்படுகின்றது. அது வணக்கம் சொல்லப் போதும். வலியைக் கேட்கப் போதாது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயுற்றவரை முதலிலும் அருகிருந்து பணிபுரிபவரை நான்காவதாகவும் வைக்கின்றது. அந்நான்காமவர் நம் நாட்டிற் செவிலியர் மட்டுமல்லர். உடன்வந்த தாயும் மனைவியும் தமக்கையும் ஆவர். அவர்கள் தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் பாய்விரித்துக் கிடப்பதை மருத்துவமனை சென்றார் யாவரும் அறிவர். துணைவேந்தர்க்கு மாளிகை வரையுமுன் துணைவந்தார்க்கு ஒரு விடுதி வரைக. படுக்க இடமும், குளிக்கத் தண்ணீரும், கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பும் போதும்.

எம் கருத்திற்கு மாறாக ஒரு தடை உண்டு. அது புறக்கணிக்கத் தக்கதன்று. தானே கற்பித்துத் தானே தேர்வு நடத்தும் நிலையம், தன் பிள்ளைகளிடம் கண்ணோட்டங் கொண்டு தளர்ந்துவிடும் என்பர். மெய்யே. மாநிலம் முழுமைக்கும் ஒரு பல்கலைக் கழகம் என்னும் ஏற்பாட்டின் வலிமை அங்கேதான் உள்ளது. ஆதலின் எழுத்துத் தேர்வு இப்பொழுதுபோல் மாநிலத்திற்குப் பொதுவாகவே இருக்கட்டும். செய்முறைத் தேர்விலும் தேர்வாளரிற் பாதிப்பேர் வெளியிலிருந்து வரட்டும். பயிற்சி, நோயாளர் பேணல், ஊர்ப்புற நிலையங்கள், ஆராய்ச்சி ஆகியவற்றை நடத்தும் உரிமை இங்கிருத்தல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். பொருட்செலவைப் பற்றிய தடையை யாம் அவ்வளவு மதிக்கவில்லை. மண்டபங்களை விட்டொழித்தாற் பாதிச் செலவு குறையும்.

நோயாளியின் தமிழுக்கு ஒரு சொற்றொகுதி வேண்டும் அன்றோ? அதற்குப் பல்கலைக் கழகச் சட்டம் நிறைவேறும்வரை காத்திருத்தல் வேண்டா. 1981 முதல் தமிழ்ப் பல்கலைக் கழகம் தஞ்சையிலேயே உள்ளது. எம் துறை மாணாக்கர் பலர் திருவையாறு, பாபநாசம், ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை எனப் பல ஊரினர். கடற்கரையார் சொல்லும் வயற்புறத்தார் சொல்லும் எம் விடுதி ஒன்றிலேயே கேட்கும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுசெல்வோம். வீட்டு முதியோரையும் அண்டை அயலாரையும் கேட்டு, உடம்பின் வலியைக் குறிக்கும் சொல், அதனை யார் எவ்விடத்து வழங்குகின்றார், எவ்வுறுப்பிற்கு வழங்குகின்றார் என்னும் மூன்றையும் எழுதி வருவோம். மருத்துவராயுள்ள நம் பழைய மாணவர் அவற்றிற்கு நேரான நோய்க்குறிகளைக் குறித்துதவுவாராயின், அடுத்த ஆண்டு மலரில் முதற்பகுதியை வெளியிடலாம். தொடக்கத்திற்கு வயிறும் நெஞ்சும் போதும்.